வியாழக்கிழமைக் கோழி

— இதுக்குப் பேரு ருசி பார்க்கிறதா ஆபீசர்? சிட்டுக்குருவி இதைவிட அதிகமா கொத்தும்.

— ஒரு கரண்டின்னா ஒரு கரண்டி. உப்பு இருக்கு, வெந்திருக்கு. போதும் ஓடெல், எடுத்து வை.

— கோழியைத் தொடவே இல்லையே நீங்க! சாறை மட்டும் நாக்குல தொட்டுக்கிட்டு வெந்திருக்குன்னு தீர்ப்புச் சொல்றீங்க. நாளைக்கு உள்ள எவனாவது வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டான்னா யார் தலை உருளும்? கைதிங்களுக்குப் பரிமாறுறதுக்கு முன்னாடி காவல் அதிகாரி ஒருத்தர் ருசி பார்க்கணும். இது இந்த ஜெயிலோட விதி. சமையக்காரன் நான் போட்டது இல்ல.

— எனக்கே விதி சொல்லித்தரியா?

— சேச்சே, உங்களுக்குப் போய்ச் சொல்லித்தருவேனா? விதியே உங்களைக் கேட்டுட்டுத்தான் நடக்கும். ஆனா கேளுங்க, கரண்டி எவ்வளவு பெருசா இருக்கணும்னு விதியில இல்ல. இந்தாங்க, இந்தக் கரண்டியில ஒரு தொடை உக்காந்திருக்கு பாருங்க, மாப்பிள்ளை மாதிரி.

— அது அகப்பை.

— கரண்டிதான் ஆபீசர். கொஞ்சம் சாப்பிட்டு வளர்ந்த கரண்டி.

— தள்ளி வைன்னு சொன்னேன். கைதி கையிலேர்ந்து ஒரு மிட்டாய்கூட வாங்கக் கூடாதுன்னு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தான் என்னை உள்ள விட்டாங்க. இன்னிக்கு ஒரு துண்டு கோழி. நாளைக்கு ஒரு சின்ன உதவி. அதுக்கப்புறம் அவன் நில்லுன்னா நிக்கணும், உக்காருன்னா உக்காரணும்.

— சரி, நான் சொல்லல, நீங்களா உக்காருங்க. அந்த மாவு மூட்டை மேல.

— எதுக்கு?

— மேஜையை ஏன் அப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

— தரை வழுக்குது.

— தரையை நானே துடைச்சேன், காலையில, சோப்புப் போட்டு. தரை வழுக்கல. உங்களுக்குத் தலை சுத்துது. வெட்கப்படாம உக்காருங்க, பசங்க எல்லாரும் கூடத்துல தட்டு அடுக்கிக்கிட்டு இருக்கானுங்க. நானும் கத்தியும்தான் இங்க இருக்கோம். கத்தியையும் சங்கிலி போட்டு மேஜையில கட்டி வெச்சிருக்கீங்க, அதால ஓடிப்போய் யார்கிட்டயும் சொல்ல முடியாது.

— ரெண்டு நிமிஷம்தான்.

— உக்காருங்க, உக்காருங்க. ஆண்டவரே, முகம் சுண்ணாம்பா வெளுத்துப்போயிருக்கே. வாஷிங்டன்ல இன்னும் பேசி முடிக்கலையா?

— முடிக்கல.

— என்னதான் சண்டையாம் அந்தக் கட்சிக்காரங்களுக்குள்ள?

— இவங்க கேக்கிறதை அவங்க தரமாட்டாங்களாம், அவங்க கேக்கிறதுக்கு இவங்க கையெழுத்துப் போடமாட்டாங்களாம். எனக்கென்ன தெரியும்? கஜானாவைப் பூட்டிட்டு எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனாங்க. ஜனவரி பாதி போயிடுச்சு, எங்களுக்குச் சம்பளம்னு ஒரு சல்லிக்காசு வரல.

— ஆனா ஜெயிலைப் பூட்டிட்டு நீங்க வீட்டுக்குப் போக முடியாது.

— நாங்க அத்தியாவசியமாம். அதனால வரணுமாம். அத்தியாவசியம் இல்லாதவங்க வீட்டுல இருக்கலாமாம், அவங்களுக்கும் சம்பளம் கிடையாது.

— நல்லா இருக்கே! வந்தாலும் இல்ல, வரலைன்னாலும் இல்ல. எல்லாரும் சேர்ந்து, நாங்களும் வரமாட்டோம், என்ன பண்ணுவேன்னு உக்காந்துட்டா?

— அரசாங்க ஊழியன் வேலைநிறுத்தம் பண்ணினா குற்றம். பிடிச்சு உள்ள போட்டுருவாங்க.

— எங்க உள்ள?

— எங்கன்னு என்ன கேள்வி? இந்த மாதிரி இடத்துலதான்.

— அப்புறம் எதுக்கு ஆபீசர் யோசிக்கிறீங்க! மூணு வேளை சோறு, கம்பளி, பல்லு வலிச்சா டாக்டர். வியாழக்கிழமைன்னா கோழி. புத்தாண்டுக்கு மாட்டுக்கறி வறுவல்கூடப் போட்டாங்க. அன்னிக்கு நீங்க கூடத்துக் கதவுகிட்ட நின்னு எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. உங்க கண்ணு என் தட்டு மேல விழுந்ததுல எனக்கு அது செரிக்கவே இல்ல, தெரியுமா?

— நான் உன் தட்டைப் பார்க்கல.

— பார்த்தீங்க. சரி, விடுங்க. எனக்கு இந்த மாசக் கூலி வந்துடுச்சு. பாத்திரம் கழுவுறவனுக்கும் வந்துடுச்சு. கைமாத்தா எதாவது வேணும்னா...

— ஓடெல்!

— தமாஷ், தமாஷ். சிரிச்சா உங்க பேட்ஜ் கழண்டு விழுந்துடுமா? கடைசில மொத்தமா தருவாங்கதானே?

— தருவாங்கன்னுதான் சொல்றாங்க. எப்பவும் தந்திருக்காங்க.

— இப்பப் பட்டினி கிடந்த வயித்துக்கு அப்போ மொத்தமா சாப்பிட முடியுமா? நேத்து வீட்டுக்குப் போகல நீங்க.

— யார் சொன்னா?

— யாரும் சொல்லல. ரொட்டி அறை ஜன்னல்லேர்ந்து வண்டி நிறுத்துற இடம் தெரியும். உங்க நீல வண்டிக் கண்ணாடியில உள்பக்கமா உறைபனி பிடிச்சிருந்தது. உள்ள ஒரு ஆள் மூச்சு விட்டுக்கிட்டுக் கிடந்தாத்தான் அப்படிப் பிடிக்கும். இந்தக் குளிர்ல வண்டிக்குள்ள படுத்தா செத்துப்போவீங்க தம்பி.

— ஆபீசர்.

— செத்துப்போவீங்க ஆபீசர்.

— வீடு மலைக்கு அந்தப் பக்கம். போய் வர்ற பெட்ரோல் இருந்தா டார்லாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம். அதை மிச்சம் பிடிச்சு வெச்சிருக்கேன். அவளுக்கு எட்டாம் மாசம்.

— அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?

— ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிறேன்னு. பொய் இல்ல. பாதிப் பேரு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வேற எங்கயோ கூலி வேலைக்குப் போறாங்க, அவங்க ஷிப்டையும் நான்தான் பார்க்கிறேன்.

— நீங்களும் போகலாமே.

— பொய் சொல்லி லீவு போடச் சொல்றியா? சட்டம்னா சட்டம்.

— அதானே, கேட்டது என் தப்பு. மான் கறி எதுவும் இல்லையா வீட்டுல? இந்த மலையில ஒவ்வொருத்தன் வீட்டு ஐஸ் பெட்டியிலயும் ஒரு மானாவது உறைஞ்சு கிடக்கும்னு சொல்வாங்களே.

— துப்பாக்கி இருந்தாத்தானே மான். எங்க அப்பாவோட துப்பாக்கி. போன வாரம் அடகுக் கடைக்குப் போயிடுச்சு.

— ஐயோ. சர்ச்சுல சாப்பாட்டுச் சாமான் பை பையா கொடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேனே?

— போனேன். யூனிபார்மைக் கழட்டக்கூட நேரமில்ல, அப்படியே போய் வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி நின்ன ஆள் திரும்பிப் பார்த்தான். போன கோடையில இங்கேர்ந்து விடுதலையானானே, அந்தக் கழுத்துல பச்சை குத்தின ஆளு. என்னைப் பார்த்ததும் விலகி நின்னு, நீங்க முன்னாடி போங்க ஆபீசர்ங்கிறான்.

— நல்ல பையனாச்சே அவன்.

— அவன் கிண்டல் பண்ணியிருந்தாக்கூட நின்னிருப்பேன். மரியாதையா இடம் விட்டான் பாரு, அதான் தாங்கல. திரும்பி வந்துட்டேன்.

— வெறுங்கையோடவா?

— வெறுங்கையோடதான்.

— எட்டு மாசப் புள்ளத்தாச்சிக்கு மானம் வயித்தை நிரப்புமா? கேளுங்க ஆபீசர், ஒண்ணு கேக்கணும்னு காலையிலேர்ந்து இருக்கேன். கோபப்படக் கூடாது.

— கேளு.

— போன வியாழக்கிழமைக் கோழி அவங்களுக்குப் பிடிச்சிருந்ததா?

— என்ன?

— கைத்துண்டுல சுத்தி, கோட்டுக்குள்ள இடது பக்கம் வெச்சீங்களே, அந்தக் கால். நல்லா சிவந்து வெந்த கால். எடுக்கத் தெரிஞ்சுதான் எடுத்திருக்கீங்க.

— வாயை மூடு. என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? காவல் அதிகாரி மேல பொய்ப் பழி போட்டா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? இப்பவே உன்னைத் தனிக் கொட்டடியில தள்ளட்டுமா?

— மெதுவா, மெதுவா. எழுந்திருக்காதீங்க, விழுந்துருவீங்க.

— உனக்கு என்ன வேணும்?

— எனக்கா?

— நடிக்காதே. இத்தனை நேரம் கரண்டி, அகப்பைன்னு விளையாடினது இதுக்குத்தானா? சொல்லு. என்ன கொண்டுவரணும்? செல்போனா? சிகரெட்டா? யாருக்காவது சேதி சொல்லணுமா? இதைத்தான் சொன்னாங்க முதல் நாள். இப்படித்தான் ஆரம்பிப்பானுங்கன்னு சொன்னாங்க.

— இப்ப எனக்கு வேண்டியது அந்த மிளகுத்தூள் டப்பா. உங்க முழங்கைகிட்ட இருக்கு. எடுத்துத் தாங்க.

— ஓடெல்...

— ஒண்ணும் வேணாம் ஆபீசர். எனக்கு இருக்கிற ஒரே தேவை மார்ச்சு மாசம். மார்ச்சு வந்தா நான் வெளியே. அதுவரைக்கும் என் பேர்ல ஒரு கரும்புள்ளி விழக் கூடாது. அவ்வளவுதான்.

— அப்புறம் ஏன் இதைக் கிளறினே? என்னைப் பழி வாங்கவா? அந்த வெங்காயத்துக்கு?

— அட, வெங்காயம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு!

— எல்லாம் ஞாபகம் இருக்கு. உன் சாக்ஸுக்குள்ள இருந்தது. நான்தான் தடவிப் பார்த்து எடுத்தேன்.

— ஒத்தை வெங்காயம். நூடுல்ஸ்ல நறுக்கிப் போடலாம்னு ஒரு சபலம். நானும் கெஞ்சினேன், ஆபீசர், அடுத்த ஞாயிறு என் பொண்ணு ரெனீட்டா க்ளீவ்லண்ட்லேர்ந்து பஸ் பிடிச்சு வர்றா, கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு வர்றா, இதைப் புகாரா எழுதினீங்கன்னா பார்க்க விடமாட்டாங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க?

— அரசாங்கச் சொத்துன்னு சொன்னேன்.

— வெங்காயம்னாலும் அரசாங்கச் சொத்துதான் ஓடெல்ன்னீங்க. எழுதினீங்க. அவ வந்து வாசல்ல நின்னு அழுதுட்டுத் திரும்பிப் போனா. அன்னியிலேர்ந்து உள்ள உங்களுக்கு என்ன பேரு தெரியுமா?

— தெரியும். வெங்காய ஆபீசர்.

— தெரியுமா! பாவம்.

— கோபம் இல்லையா என் மேல?

— இல்லாம இருக்குமா? ரொம்ப நாள் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் உங்க மூஞ்சியை நினைச்சுக்கிட்டுத்தான் நறுக்குவேன். கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம்னு சொல்லிக்கலாம், வசதி. போன வியாழக்கிழமை நீங்க அந்தக் காலைச் சுத்தினப்போ எனக்கு ஒரு நிமிஷம் அப்படி ஒரு சந்தோஷம். மாட்டினான்டா மகனேன்னு மனசுக்குள்ள குதிச்சேன், ஆண்டவர் சாட்சி.

— அப்புறம் ஏன் சொல்லல?

— உங்களுக்குச் சுத்தவே வரல. கைத்துண்டு ரெண்டு தடவை நழுவிச்சு. நான் திருடியிருக்கேன் ஆபீசர், நிறையத் திருடியிருக்கேன். பசியில முதல் தடவை திருடுறவன் கைக்கு எதுவும் பிடிபடாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லுங்க, பிடிச்சிருந்ததா அவங்களுக்கு?

— அவ ராத்திரி எதுவும் சாப்பிடமாட்டா. நெஞ்சு எரியுது, நீயே சாப்பிடும்பா. ஒருநாள் நான் தூங்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டு அடுப்படியில நின்னு வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவுக்குள்ள விரலை விட்டு வழிச்சு நக்கிக்கிட்டு இருந்தா. காலி டப்பா. பார்த்துட்டேன். பார்த்தேன்னு அவகிட்ட சொல்லல.

— கோழியைச் சாப்பிட்டாங்களா?

— அந்தக் கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்னுக்கிட்டே தின்னா ஓடெல். எலும்பைக்கூட விடல. தின்னு முடிச்சுட்டு, எங்கேர்ந்துன்னு கேட்டா. ஊழியர் எல்லாருக்கும் கொடுத்தாங்கன்னு சொன்னேன். அவங்களுக்கும் மனசு இருக்கு பாரேன்னு சந்தோஷப்பட்டா. எனக்கு அங்கயே செத்துடலாம் போல இருந்தது.

— அழாதீங்க. வெங்காயம்கூட இல்ல பக்கத்துல, சாக்குச் சொல்ல.

— உன் பேர்ல எழுதினவன் நான். ஒரு வெங்காயத்துக்கு உன் பொண்ணை வாசல்லேர்ந்து திருப்பி அனுப்பினவன். இன்னிக்கு நானே...

— சரி, சரி, அது இருக்கட்டும். இப்ப அழ நேரமில்ல. லெப்டினன்ட் பாக்ஸ்டர் வர்றார், தெரியும்ல?

— தெரியும். ரேடியோவுல சொன்னார். போன வியாழக்கிழமை கோழி குறைஞ்சுதுன்னு சமையல் மேலாளர் புகார் கொடுத்திருக்காராம். சாப்பாட்டு மணிக்கு முன்னாடி சமையற்கட்டு ஆளுங்க எல்லாரையும் விசாரிச்சு, உடம்பைத் தடவிச் சோதனை போடணுமாம். சோதனை போட ஆள் யாரு தெரியுமா? நான்.

— ஹா! எங்க சாக்ஸை நீங்க தடவுவீங்க. உங்க கோட்டை யார் தடவுவாங்க?

— சிரிக்காதே. நான் முடிவு பண்ணிட்டேன். அவர் வந்ததும் சொல்லிடப் போறேன்.

— என்ன சொல்லிடப் போறீங்க?

— நான்தான் எடுத்தேன்னு.

— பைத்தியமா உங்களுக்கு? கைதிங்க சாப்பாட்டைத் திருடின ஆபீசரை ஒரு நாள் வெச்சிருப்பாங்களா? வேலை போகும். வேலையோட ஆஸ்பத்திரி இன்சூரன்ஸும் போகும். எட்டாம் மாசம்னு இப்பத்தானே சொன்னீங்க?

— சொல்லாம இருந்தா உங்கள்ல எவனையாவது பிடிப்பாங்க. சட்டம்னா...

— சட்டத்தை அந்த மூட்டை மேலயே வெச்சுட்டு நான் சொல்றதைக் கேளுங்க. தலைமைச் சமையக்காரன் நான். போன வியாழக்கிழமை கோழி கருகிப்போச்சு, பயந்து குப்பையில கொட்டிட்டேன்னு சொல்லிடறேன். முடிஞ்சது விஷயம்.

— சொல்லாம கொட்டினா அதுவும் தப்பு. உன் பேர்ல எழுதுவாங்க. மார்ச்சு போயிடும்.

— மார்ச்சு போனா ஜூன். ஜூன்ல வெயில் நல்லா இருக்கும்.

— ஏன்? ஏன் இதைச் செய்யணும் நீ? எனக்காகவா? நான் உனக்கு என்ன பண்ணிட்டேன்?

— உங்களுக்காக யார் செய்றா? உங்களை எனக்கு இன்னமும் பிடிக்கல. கேளுங்க. ரெனீட்டா அவங்க அம்மா வயித்துல எட்டு மாசமா இருந்தப்போதான் நான் முதல் தடவை மாட்டினேன். வீட்டுல மாவு இல்ல, பால் இல்ல. ஒரு கடைக்குள்ள புகுந்தேன். அவ பிறந்தப்போ நான் உள்ள. அதுக்கப்புறம் உள்ள, வெளிய, உள்ளன்னே என் ஆயுசு ஓடிப்போச்சு. ஒரு தப்பு, அதோட சரின்னு யாரும் எனக்கு விட்டுக்கொடுக்கல. விட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஒரு தடவை பார்க்கணும்னு ஆசை, அவ்வளவுதான். பாருங்க, பின்பக்கம் பூட்ஸ் சத்தம். கண்ணைத் துடைங்க. ஏதாவது கேட்டா நீங்க ருசி பார்க்க வந்தீங்க, உப்பு சரியா இருக்கு.

— ஓடெல், வேண்டாம்...

— கீனி! இங்கயா இருக்கே?

— சார். முன்கதவு வழியா வருவீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன் சார்.

— பின்னாடி ரொட்டி அறை வழியா வந்தேன். சூட்டுப் பெட்டியில கோழித் தட்டெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு ஒரு பார்வை... சரி, சரி. மத்தவங்க எங்க?

— கூடத்துல லெப்டினன்ட் சார். தட்டு அடுக்குறாங்க. உக்காருங்க சார். கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டுங்க, அத்தனை அடுப்பும் எரியுது. உங்களுக்கு வேர்த்துக் கொட்டுது.

— வேணாம். எனக்குக் குளிருது.

— இந்த அடுப்படியிலயா?

— குளிருதுன்னு சொன்னேன் ஓடெல். சரி, விஷயத்துக்கு வருவோம். போன வியாழக்கிழமைக் கோழி எங்க போச்சு?

— கருகிப்போச்சு சார். என் தப்பு. கண் அசந்துட்டேன். திட்டு விழும்னு பயந்து யாருக்கும் சொல்லாம கொட்டிட்டேன்.

— கொட்டிட்டியா.

— ஆமா சார்.

— சரி, சரி. அப்போ உன் பேர்ல எழுதிடறேன். வேற யாரையும் விசாரிக்க வேண்டாம். சோதனையும் வேண்டாம். கீனி, நீ கூடத்துக்குப் போ. முடிஞ்சது.

— இவ்வளவுதானா சார்?

— வேற என்ன?

— எந்தக் குப்பைத் தொட்டின்னுகூடக் கேக்கல. எப்போன்னு கேக்கல. ஒரு வெங்காயத்துக்கே நான் அத்தனை கேள்வி கேட்டேன்.

— இங்க பாரு கீனி, அவனே ஒத்துக்கிட்டான். எனக்கு ஆயிரம் வேலை இருக்கு. வீட்டுல நானும் என் பொண்டாட்டியும், ரெண்டு பேரும் இதே ஜெயில்ல வேலை, ரெண்டு பேருக்கும் சம்பளம் இல்ல, புள்ளைங்க நாலு. இதுல கருகின கோழிக்கு நான் உக்காந்து ஆராய்ச்சி பண்ணவா?

— அவருக்கு மார்ச்சுல விடுதலை சார்.

— அதை அவன் கொட்டும்போது யோசிச்சிருக்கணும்.

— கொட்டல சார். எதுவும் கருகல. நான் எடுத்தேன்.

— ஆபீசருக்குப் பசி மயக்கம் லெப்டினன்ட் சார். இப்பத்தான் மூட்டை மேல சாஞ்சு உக்காந்திருந்தார். எதையோ உளறுறார்.

— நீ சும்மா இரு ஓடெல். சார், நான் தெளிவாத்தான் இருக்கேன். கோழியை எடுத்தது நான்.

— கீனி, நீ சொன்னது என் காதுல விழல. வெளிய போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா. உன் பொண்டாட்டிக்கு எட்டாம் மாசமோ என்னவோ சொன்னாங்க. இன்னொரு தடவை சொன்னா என் காதுல விழுந்துடும். விழுந்தா நான் சும்மா இருக்க முடியாது. யோசிச்சுப் பேசு.

— யோசிச்சுட்டேன் சார். ஒரு வெங்காயத்துக்காக இவர் பொண்ணைக் குழந்தையோட வாசல்ல நிக்க வெச்சேன். அன்னிக்கு எனக்குச் சட்டம் தெரிஞ்சது. இன்னிக்குத் தெரியலன்னு சொன்னா நான் மனுஷன் இல்ல. டார்லாகிட்ட நானே சொல்லிக்கறேன். எழுதுங்க. நான்தான் எடுத்தேன். கைத்துண்டுல சுத்தி, கோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, வாசல்ல எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டுப் போனேன்.

— எத்தனை எடுத்தே?

— ஒண்ணு. ஒரே ஒரு கால்.

— ஒண்ணுதானா?

— டார்லா மேல சத்தியமா ஒண்ணுதான் சார். அன்னிக்கு ஒரு தடவைதான்.

— ஒண்ணே ஒண்ணு.

— ஏன் சார் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க?

— மேலாளர் சொன்னது ஒண்ணு இல்ல கீனி. ஒரு தட்டு முழுக்கக் காணோம்.

— ஒரு தட்டா? அப்போ மீதி? ஓடெல், உண்மையைச் சொல்லு, உன் ஆளுங்க எடுத்தானுங்களா?

— என் ஆளுங்களைத் தினம் சாக்ஸ் வரைக்கும் தடவிப் பார்த்து அனுப்புறது நீங்கதானே ஆபீசர். ஒரு எலும்பு வெளிய போகுமா?

— போகாது. அப்போ வேற யாரு?

— அதை என் வாயால கேக்காதீங்க. ருசி பார்க்கன்னு வியாழக்கிழமை இந்தப் பக்கம் நீங்க மட்டுமா வர்றீங்க? இந்த மாசம் உங்க ஆளுங்க எல்லாருக்கும் ருசி பார்க்கிறதுல ஒரே அக்கறை. வர்றவங்க எல்லாரும் என் எதிர்ல ஒரு கரண்டிதான் சாப்பிடுறாங்க. போகும்போது மட்டும் கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டுப் போறாங்க. நான் ஒரு தட்டு கூடவே வேக வெச்சுப் பார்த்தேன், அதுவும் பத்தல.

— போதும் ஓடெல்.

— நான் யார் பேரையும் சொல்லல லெப்டினன்ட் சார். எனக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது மார்ச்சு மட்டும்தான்.

— உன் பேர்ல எதுவும் எழுதல. போ, அடுப்பைப் பாரு. கீனி.

— சார்?

— முன்கதவைச் சாத்திட்டு வா. சோதனை போடத்தானே உன்னை நிக்க வெச்சேன்? என் கோட்டுலேர்ந்து ஆரம்பி. பார்த்துக் கை வை, இன்னும் சூடா இருக்கு.